தெற்கு பார்த்த பிக்கப்

என் தங்கை லெனோர் தேசிய கர்லிங் போட்டிக்குக் கிளம்பிய அன்று, பைகளையும் துடைப்பங்களையும் வேனில் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தன் கணவன் ஓரஸ்டின் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் திணித்தாள்.

"என்ன இது?"

"சாட்டிலைட் ரேடியோ. என் பிக்கப்புல மாட்டிக்கோ. நாங்க அரையிறுதி வரைக்கும் போனா ஆட்டத்தை இதுல நேரடியா சொல்லுவாங்களாம். நீ வர வேணாம், ஓரஸ்ட். மாடெல்லாம் கன்னு போடுற நேரம், உன்னால வர முடியாது, தெரியும். ஆனா கேளு. ஒரு தடவையாவது கேளு."

ஓரஸ்ட் தலையை ஆட்டினான்.

"இன்னொண்ணு. ஆன்டெனா மாட்டுறேன்னு என் வண்டிக் கூரையில ஓட்டை போட்டே, அதே டிரில்லால உன் மண்டையில போடுவேன். அண்ணே, ஹெல்மர் அண்ணே, நீதான் சாட்சி."

நானும் தலையை ஆட்டினேன். வேன் கிளம்பிப் போனது. பனித்தூள் அடங்கும்வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

கர்லிங் என்பது பனித்தளத்தில் கனமான கல்லைச் சறுக்கவிட்டு, அது இன்னும் தூரம் ஓட முன்னால் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம். லெனோரின் பெரிய ஆட்டங்கள் எல்லாமே பிப்ரவரியில்தான் வரும். எங்கள் மாடுகள் கன்று போடுவதும் பிப்ரவரியில்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பெரிய ஆட்டத்தைக்கூட ஓரஸ்ட் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவள் குறை சொன்னதும் இல்லை, அவன் வருத்தம் சொன்னதும் இல்லை. அவன் எதையும் அதிகம் சொல்கிறவன் அல்ல. நான் அவனைவிட மோசம். குளிர்காலம் முழுக்க அந்த பிக்கப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மாடுகளுக்குப் புல் போடுகிறோம். சில நாள் காலையில் ஏறி மாலையில் இறங்கும்வரை இருவரும் ஒரு சொல் பேசியிருக்க மாட்டோம். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். வெளியே வெள்ளை, உள்ளே ஹீட்டரின் முனகல், சூரியகாந்தி விதையை அவன் கடிக்கும் சத்தம். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு.

ஆகவே அந்தப் பெட்டியை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓரஸ்ட் அதை முட்டைக் கூடையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தபிறகு கருவிப் பெட்டியை எடுத்துவரப் போனேன்.

ரேடியோவைப் பொருத்துவது சுலபமாக இருந்தது. சிக்கல் ஆன்டெனாதான். தீப்பெட்டியளவில் கறுப்பாக ஒன்று, அடியில் காந்தம், நீளமாக ஒரு வயர். கூரையின் நடுவில் வைக்க வேண்டும், வானம் மறையாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று கூடவந்த தாள் சொன்னது. ஓரஸ்ட் ஏணி போட்டு ஏறி அதைக் கூரை நடுவில் வைத்தான். அது மெல்ல வழுக்கிக்கொண்டு வந்து, முன் கண்ணாடியில் சறுக்கி, பனியில் விழுந்தது. துடைத்து மறுபடியும் வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"காந்தம் செத்துடுச்சா?"

நான் மண்வாரியை எடுத்து நீட்டினேன். ஆன்டெனா அதில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

"கூரை அலுமினியம், மாப்ளே."

அவன் கூரையைப் பார்த்தான். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியை இரும்பு என்றே நம்பியிருந்தவனின் முகம் அது.

மறுநாள் காலை விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. எங்கள் ஊரில் பஞ்சாயத்து என்றால் கூட்டுறவுக் கடையின் மூலையில் இருக்கும் நீள மேசை. பால் கறக்கிறவன், கோதுமைக்காரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் எல்லாரும் காலையில் அங்கே காபி குடிப்பார்கள். யாருக்கு என்ன பிரச்சினை இருந்தாலும் அங்கே தீர்ப்பு உண்டு. தீர்ப்புகளில் பாதிக்கு மேல் தவறாக இருக்கும். ஆனாலும் யாரும் போகாமல் இருப்பதில்லை. மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவன் நெஸ்டர். பழைய டிராக்டர் மெக்கானிக்.

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போட்டு ஒரு இரும்புத் தகட்டைக் கூரையில ஒட்டு. தகட்டு மேல ஆன்டெனாவை வை. முடிஞ்சுது" என்றார் ஒருவர்.

"ஒட்டிப் பாத்தேன்" என்றான் ஓரஸ்ட். "வாசல் கேட் தாண்டலை. இந்தக் குளிர்ல எந்த டேப் ஒட்டும்?"

"உள்ளே டேஷ்போர்டுல வை."

"டேஷ்போர்டா?" என்றான் நெஸ்டர். "டேய், இவன் டேஷ்போர்டைப் பாத்திருக்கியா? போன வருஷம் அதுல ஒரு குறடு தொலைஞ்சுது, இன்னும் தேடிட்டு இருக்கான். ஓட்டை போடு, ஓரஸ்ட். டிரில் நான் தர்றேன்."

"லெனோர் என்னைப் போட்டுடுவா."

"அவ வர்றதுக்குள்ள மூடிடலாம். மேல பெயின்ட் அடிச்சிடலாம்."

"அந்த வண்டியில கீறல் விழுந்தா அவ தூக்கத்துல எழுந்து உக்காந்துடுவா, நெஸ்டர். உனக்கு அவளைத் தெரியாது."

"தெரியும். அதான் நீ போடுன்னு சொல்றேன், நான் போடுறேன்னு சொல்லலை."

மேசை சிரித்து ஓய்ந்ததும் நெஸ்டரே கடைசியில் உருப்படியாக ஒன்று சொன்னான். "கேபினுக்குப் பின்னால இரும்புச் சட்டம் நிக்குதுல்ல, சரக்கு முன்னால சரியாம இருக்க? அது நல்ல இரும்பு, நான் வெல்ட் வெச்சது. அது உச்சியில வை. சாட்டிலைட் எங்கேயோ பூமத்திய ரேகைக்கு மேல நிக்குது, அங்கேருந்து பாத்தா உன் சட்டம் நல்லாத் தெரியும்."

அப்படியே செய்தோம். காந்தம் சட்டத்தின் உச்சியில் கவ்விக்கொண்டது. வயரைப் பின்பக்கச் சறுக்கு ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஜன்னல் இடுக்கில் காற்று வராமல் ஒரு கம்பளிச் சாக்ஸைத் திணித்தோம். மிச்ச வயரைச் சுருட்டிச் சட்டத்தின் ஓரத்தில் தொங்கவிட்டோம். ஓரஸ்ட் பொத்தானை அழுத்தினான். யாரோ ஒருத்தி எங்கோ இருந்து காதல் தோல்வியைப் பாடினாள். பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. ஓரஸ்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் வெளியே பார்த்தேன்.

ஆனால் மறுநாள் புல் போடப் போனபோது பாட்டுக்காரி பாதியில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"குளிரு" என்றான் ஓரஸ்ட்.

எங்கள் பக்கத்தில் எதுவும் வேலை செய்யாவிட்டால் காரணம் குளிர்தான். பேட்டரி, பூட்டு, மூட்டு, சொந்தக்காரன் வராதது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. ஓரஸ்ட் சாக்ஸை மாற்றினான். வயரை ஆட்டிப் பார்த்தான். மாலையில் கொட்டகைச் சுவரில் இருக்கும் பிளக்கில் இன்ஜினைச் சூடேற்றும் வயரைச் செருக, வழக்கம்போல வண்டியின் மூக்கைக் கொட்டகைப் பக்கம் நிறுத்தினோம். ரேடியோ அருமையாகப் பாடியது.

"பாத்தியா, இப்போ சரியாயிடுச்சு" என்றான்.

அந்த வாரம் லெனோரின் அணி ஜெயித்துக்கொண்டே போனது. யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மொத்தமே இரண்டு பனித்தளப் பாதைகள். அதில் ஒன்றின் மேல் கூரை ஒழுகும். அங்கே பழகிய நாலு பெண்கள், அவர்களில் ஒருத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஆட்டம். சனிக்கிழமை மாலை பனிப்புயல் என்று வானிலை அறிக்கை.

"டிவியில பாக்க வீட்டுலயே இரு, மாப்ளே. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எத்தனை புல் உருளை போடணும் தெரியுமா? புயலுக்கு முன்னால எல்லாம் வடக்குத் தடுப்புக்குப் போயாகணும். தனியா முடிக்க உனக்கு ராத்திரி ஆயிடும். அப்புறம் அந்த இளம் பசு வேற எப்ப வேணா கன்னு போடும்." கையுறையை மாட்டிக்கொண்டே, "அதான் ரேடியோ இருக்கே" என்றான்.

எங்கள் மேய்ச்சல் நிலம் வடக்கு தெற்காக நீண்டது. புல் உருளைகளின் குவியல் தெற்கு முனையில். காற்றைத் தடுக்கும் பலகைச் சுவர் வடக்கு முனையில். புயலென்றால் மாடுகள் அங்கேதான் ஒதுங்கும், அங்கேதான் புல் வேண்டும். பிக்கப்பின் தளத்தில் ஓர் உருளை, பின்னால் இருக்கும் இரும்புக் கைகளில் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஏற்றிக்கொண்டு வடக்கே போக வேண்டும், பிரித்துவிட்டு வெறும் வண்டியாகத் தெற்கே வர வேண்டும்.

முதல் உருளைகளை ஏற்றும்போது ஆட்டம் தொடங்கியது. வர்ணனையாளர் லெனோரின் பெயரைச் சொன்னதும் ஓரஸ்ட் வாயிலிருந்த விதைகளை விழுங்கிவிட்டான்.

வண்டியைத் திருப்பி வடக்கே கிளம்பினோம். ரேடியோ செத்தது.

புல்லைப் பிரித்துவிட்டுத் திரும்பினோம். உயிர் வந்தது. இரண்டு சுற்று முடிந்துவிட்டது, எங்கள் பெண்கள் ஒரு புள்ளி பின்னால்.

மறுபடி ஏற்றினோம். வடக்கே. செத்தது.

"குளிரு" என்றான் ஓரஸ்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதன்பிறகு அவன் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. வடக்கே போகும்போது பறந்தான், தெற்கே வரும்போது ஊர்ந்தான். உருளையைச் சுற்றியிருந்த வலையை நான் அறுத்து முடிக்கும் முன் வண்டியை நகர்த்தினான்.

"மாப்ளே, என் கால் இன்னும் கீழ இருக்கு."

"அப்போ ஓடி வா, மச்சான்."

ஆட்டம் சமமாகிவிட்டது. பிறகு ஒரு புள்ளி முன்னால். பிறகு எங்களுக்குத் தெரியாத ஏதோ நடந்து மறுபடியும் சமம். கடைசி ஜோடி உருளைகளோடு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்று தொடங்கப்போகிறது. கேபினுக்குள் ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் நான் விரும்பிய அதே அமைதி. ஆனால் அன்று பக்கத்தில் இருந்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்க்க முடியவில்லை. பார்வையைத் திருப்பிப் பின் ஜன்னலைப் பார்த்தேன். புல்தான் தெரிந்தது. ஜன்னல் முழுக்கப் புல். சட்டத்துக்கு மேலேயும் புல்.

"மாப்ளே, சாட்டிலைட் எங்க இருக்கு?"

"மேல."

"மேலன்னா எந்த மேல? நெஸ்டர் என்ன சொன்னான்?"

"பூமத்திய ரேகைக்கு மேல."

"பூமத்திய ரேகை நமக்கு எந்தப் பக்கம்?"

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பின்னால் தெற்கு. தெற்கு வானத்தை இரண்டு உருளைகள் அடைத்துக்கொண்டு நின்றன. வெறும் வண்டியாகத் தெற்கே வரும்போதும், தெற்கே இருக்கும் கொட்டகைப் பக்கம் மூக்கு வைத்து நிற்கும்போதும் பாட்டு ஏன் அருமையாக இருந்தது என்பது ஒரே நேரத்தில் இருவருக்கும் விளங்கியது.

"ஒரு வாரமா" என்றான் ஓரஸ்ட். "ஒரு வாரமா குளிர் மேல பழி போட்டோம்."

அவன் பிரேக்கை மிதித்து, வண்டியை ஒரு வட்டமடித்துத் திருப்பினான். மூக்கு தெற்கே வந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு கூட்டம் ஆரவாரித்தது. பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டு, தெற்கைப் பார்த்தபடியே வடக்கே பின்னால் ஓட்டத் தொடங்கினான்.

அது எங்கள் மாடுகளுக்குப் புதிது. பிறந்ததிலிருந்து அவை வண்டியின் மூக்கைத்தான் முதலில் பார்த்திருக்கின்றன, புல் பிறகுதான் வரும். இன்று புல் முதலில் வந்தது. கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, மொத்தமாக ஓடிவந்து உருளைகளைச் சூழ்ந்துகொண்டன. வண்டி நின்றது. பின்னாலும் மாடு, பக்கவாட்டிலும் மாடு.

"இருக்கட்டும், நகர வேணாம்" என்றான் ஓரஸ்ட். "இங்கயே இருப்போம். இன்னும் நாலே கல்லு."

லெனோரின் குரல் வந்தது. ஆடுகிறவர்களின் சட்டையில் மைக் வைத்திருப்பார்களாம். "தேய்! தேய்! விடாதீங்கடி, தேய்!" என்று அவள் கத்தியது கேபினே அதிரும்படி கேட்டது. ஓரஸ்டின் வாய் திறந்தபடி இருந்தது. வீட்டில் அவள் இப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. அதட்டுவாள், ஆனால் அது வேறு.

அப்போது ரேடியோ நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு கிழட்டுப் பசு, சட்டத்தில் தொங்கிய வயர்ச் சுருளை நாக்கால் வளைத்து இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஆன்டெனா சட்டத்திலிருந்து பிய்ந்து தளத்தில் புல்லுக்குள் கிடந்தது.

"மச்சான்!"

நான் இறங்கிவிட்டேன். பசுவின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி, வாயிலிருந்து வயரை உருவினேன். எச்சில் அதன்மேல் உடனே உறைந்தது. ஆன்டெனாவைத் தேடி எடுத்தேன். சட்டத்தில் மறுபடி வைத்தால் மறுபடி இழுக்கும். கூரை ஆகாது. பக்கத்தில் எல்லாம் மாடு. முன்னால் பார்த்தேன். ஹெட்லைட்டுகளுக்கு முன்னால் மான் மோதினால் தாங்குவதற்காகப் போட்ட தடித்த இரும்புக் குழாய். கனமான, பழைய பாணி இரும்பு.

"வயரை என் பக்கத்து ஜன்னல் வழியா விடு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது.

ஓரஸ்ட் சாக்ஸைப் பிடுங்கி எறிந்தான். நான் நீட்டிய ஆன்டெனாவை வயரோடு பின் ஜன்னல் வழியாக உள்ளே வாங்கி, என் பக்கத்து ஜன்னலை இறக்கி வெளியே விட்டான். நான் அதை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடி, ஆன்டெனாவை இரும்புக் குழாயின் நடுவில் வைத்தேன். பச்சக்கென்று பிடித்தது. கேபினுக்குள் ஓரஸ்ட் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, குளிர் தாங்காமல் வயர் நசுங்காத அளவுக்கு ஜன்னலை ஏற்றினான்.

அந்தக் கிழட்டுப் பசுவும் முன்னால் வந்துவிட்டது. கூடவே மூன்று தோழிகள். அவற்றுக்கு இந்தக் கறுப்புப் பொருளின்மேல் ஆசை வந்துவிட்டது. நான் வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன், முதுகு மாடுகள் பக்கம், முகம் கண்ணாடிப் பக்கம். பின்னால் ஏதாவது ஒரு மூக்கு என் தோளை இடிக்கும், முழங்கையால் தள்ளுவேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாடுகள் அசைபோடும் சத்தமும் காற்றும்தான். மௌனத்தை அவ்வளவு காலம் கொண்டாடியவன் நான். அந்த நிமிஷம் அதன்மேல் எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

அதனால் அவன் முகத்தைப் படித்தேன். முதலில் அது ஸ்டியரிங்கின்மேல் குனிந்தது. பிறகு புருவம் ஏறியது. வலது கை டேஷ்போர்டின் மேல் முன்னும் பின்னும் போக ஆரம்பித்தது. கையுறைகளும் மாட்டுக் காதில் குத்தும் எண் பட்டைகளும் குறடும் கீழே விழுந்துகொண்டிருந்தன, அவன் பனித்தளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் லெனோரோடு சேர்ந்து கத்தியது. கை நின்றது. முகமும் நின்றது. ஒரு நெடுநேரம் அப்படியே. பிறகு அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் கையை மேலே தூக்கி ஒரு குதி குதித்தேன். என் வயதில் அது நல்லதல்ல. மாடுகள் சிதறின.

ஓரஸ்ட் இறங்கி வந்தான்.

"ஜெயிச்சாச்சு!" என்றேன்.

"இல்ல, தோத்துட்டாங்க."

"என்ன?"

"கடைசிக் கல்லு. லெனோருது. வட்டத்துக்கு நடுவுல நிக்கணும். கொஞ்சம் கூடுதலா போயிடுச்சு. ஒரு கை அகலம்தான்."

"அப்புறம் ஏன்டா சிரிக்கிறே? நான் குதிச்சேனே!"

"பாத்தேன்" என்றான். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "மச்சான், கல்லு தாண்டிப் போனதும் அவ என்ன சொன்னா தெரியுமா? மைக் இருக்குறது ஞாபகமே இல்ல அவளுக்கு. 'சரி விடுங்கடி, எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், அவனை நில்லுன்னா நிப்பான், போன்னா போவான். அவனை வெச்சுப் பழகிட்டு கல்லும் அப்படியே கேக்கும்னு நெனச்சுட்டேன்'னு சொன்னா. நாடு முழுக்கக் கேட்டிருக்கும்."

"அது உனக்கு அவமானம் இல்லையா?"

"அவமானமா?" அவன் உண்மையிலேயே யோசித்தான். "என்னைப் பத்தி ரேடியோவுல வந்திருக்கு, மச்சான்."

எங்கள் நிலத்தில் போனுக்கு சிக்னல் கிடைப்பது மேட்டின்மேல் மட்டும்தான். மிச்சப் புல்லை மாடுகளிடமிருந்து மீட்டு, தடுப்புச் சுவரின் அருகே பிரித்துப் போட்டோம். இளம் பசுவைப் பார்த்தோம், இன்னும் போடவில்லை. வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் வண்டியை மேட்டுக்கு விட்டு லெனோரைக் கூப்பிட்டான்.

மணி அடித்ததுமே எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும், அதுதான் வழக்கம்.

"ஓரஸ்ட்? தோத்துட்டோம். ஆனா நாளைக்கு மூணாவது இடத்துக்கு ஒரு ஆட்டம் இருக்கு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும், நீ மாட்டுப் பக்கம் இருந்திருப்பே, ரேடியோ மாட்டலேன்னா பரவால்ல, நான் சும்மாதான்..."

"அஞ்சாவது சுற்றுல" என்றான் ஓரஸ்ட், "மூணாவது கல்லை நீ வட்டத்துக்கு முன்னால காவலுக்கு விட்டது சரி. வர்ணனைக்காரன் தப்புன்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியல. எட்டாவது எனக்குக் கேக்கல, அப்ப வடக்கே போயிட்டிருந்தோம், அதை நீ சொல்லணும். கடைசிக் கல்லு உன் தப்பு இல்ல. தேய்ச்சவங்க ஒரு மூச்சு முன்னாடி நிறுத்தியிருக்கணும். நீ நிறுத்தச் சொன்னே. நான் கேட்டேன்."

அவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. லெனோரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. போனின் அந்தப் பக்கத்தில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "வேற என்ன கேட்டே?" என்றாள்.

ஓரஸ்டின் காதுகள் சிவந்தன.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். குளிர் முகத்தில் அறைந்தது. வண்டிக்கு முன்னால் போய், இரும்புக் குழாயின்மேல் ஒட்டியிருந்த ஆன்டெனாவிலிருந்து பசுவின் எச்சிலைக் கையுறையால் சுரண்டினேன். நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. வயரை உள்ளே கொண்டுபோக இன்ஜின் பக்கம் எங்காவது ஒரு வழி இருக்கும், ஓட்டை போடாமல். அதைத் தேடிக்கொண்டு முதல் பனி விழும்வரை அங்கேயே குனிந்திருந்தேன். அவசரமில்லை. உள்ளே அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.